டிக் போட்டு வாசித்த வேதம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் கோயில் வாசலில் இரண்டு பையன்கள் தட்டு ஏந்தி நிற்பார்கள். தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் வசனம்தான் அவருக்கு அந்த வருடம் முழுவதற்கும் தேவன் கொடுத்த வாக்கு. வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு முன்னால் போன ஒரு அம்மா ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். முகம் சுருங்கிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை அப்படியே அடியில் சொருகி, வேறொன்றை எடுத்தார்கள். இரண்டாவது அட்டை பிடித்துப்போனது போலிருக்கிறது, கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. மகள் கல்யாணத்துக்கு வரன் தேடிக்கொண்டிருந்த வருடம் நானும் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

வேதத்தைத் தினமும் வாசிக்க வேண்டும் என்று சொல்லாத பிரசங்கியார் இல்லை. நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் வாசிக்காமல் இருப்பவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தவன் நான். அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

உத்தியோகத்தில் நான் கணக்குப் பிரிவில் இருந்தவன். பென்சிலால் டிக் போட்டுப் போட்டே முப்பத்தாறு வருடம் ஓடியது. அந்தப் புத்தி வேதத்திலும் வந்துவிட்டது. வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம், மூன்று நாள் மிச்சம்கூட விழும். இந்தக் கணக்கைப் போட்டு ஒரு அட்டவணையும் தயாரித்து வைத்திருந்தேன். நான்கு தடவை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை முடித்தேன். நான்காம் முறை முடித்தபோது சபையில் என்னைக் கூப்பிட்டு ஒரு சால்வைகூடப் போர்த்தினார்கள்.

எப்படி வாசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளித்துவிட்டு வந்து, பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது உட்காருவேன். கண் ஓடும். வம்ச அட்டவணை வந்தால் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் பார்ப்பேன். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்தால் பக்கத்தைத் திருப்புவேன். ஒரு நாள் தவறினால் மறுநாள் ஆறு அதிகாரம். தணிக்கைக்கு முந்தின நாள் பைல் சரி செய்கிற வேகம்தான். டிக் மட்டும் ஒன்றுகூட விடுபடாது.

அம்மா அப்படி வாசித்தவளில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். காலையில் அடுப்பு மூட்டும் முன் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து, ஒரு அதிகாரம், ஒன்றே ஒன்று, வாய்விட்டு வாசிப்பாள். எழுத்துக் கூட்டி வாசித்த காலத்து ராகம் கடைசிவரை அவள் குரலை விட்டுப் போகவில்லை. நாங்கள் பாயில் படுத்துக்கொண்டே கேட்போம். கறுப்பு அட்டை, சிவப்பு ஓரம் போட்ட அந்த வேதப்புத்தகத்தின் முன்பக்கத்தில்தான் எங்கள் எல்லாருடைய பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் எழுதியிருக்கும். எழுபத்தைந்து வயதுக்கு மேல் கண்ணில் பிரஷர் வந்து, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

2011-இல் நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் வாரமே அம்மா சொன்னாள்: "ஏய்யா, சும்மாதானே இருக்க. எனக்கு வாசியேன். முதல்ல இருந்து வாசி."

ஆதியாகமம் ஆரம்பித்தோம். முதல் நாளே நான் பழக்க தோஷத்தில் மூன்று அதிகாரத்தை ஓட்டப் பார்த்தேன். ஒன்று முடிந்ததும் போதும் என்று கையைக் காட்டிவிட்டாள். வேகமாக வாசித்தால், "என்ன அவசரம், பஸ்ஸா புடிக்கப் போற?" என்பாள். அவளுக்கு என் காலை நேரமெல்லாம் அத்தனை வருடமாகத் தெரிந்திருக்கிறது.

முப்பத்தேழாம் அதிகாரத்தில் யோசேப்பைச் சகோதரர்கள் விற்றுவிட்டார்கள். மறுநாள் முப்பத்தெட்டு. அது யூதாவும் தாமாரும் வருகிற அதிகாரம். வாசித்தவர்களுக்குத் தெரியும். யூதாவின் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் தாமார். அவன் செத்தான், அடுத்தவனும் செத்தான். கடைசி மகன் சேலா வளர்ந்து ஆளாகும்வரை உன் அப்பன் வீட்டில் போய் இரு என்று யூதா அவளை அனுப்பி வைக்கிறான். சேலா வளர்ந்தும் ஆயிற்று, அவளைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு அவள் முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்ததும், யூதா அவளை யாரென்று தெரியாமல் அணுகினதும், எழுபத்தொன்பது வயது அம்மாவுக்கு அறுபதை நெருங்குகிற மகன் சத்தமாக வாசித்துக் காட்டுகிற விஷயமா? எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தைத் திருப்பி, யோசேப்பு போத்திபார் வீட்டுக்குப் போன முப்பத்தொன்பதை வாசித்து முடித்துவிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "யூதா எங்க?" என்றாள்.

"என்னம்மா?"

"நடுவுல ஒண்ண விட்டுட்ட. தாமாரு வருவாளே, அந்த அதிகாரம். அவளை விட்டுட்டா மத்தேயு முதலாம் அதிகாரத்துக்கு எப்படி வருவ?"

மத்தேயுவில் இயேசுவின் வம்ச வரலாறு வருகிறதல்லவா, அதில் மரியாளுக்கு முன் நான்கு பெண்கள் வருகிறார்கள். முதலில் வருகிறவள் தாமார். நான்கு தடவை டிக் போட்ட எனக்கு அது உறைத்ததில்லை. வெட்கத்தோடு முப்பத்தெட்டை எடுத்து வாசித்தேன். அடமானமாக வாங்கி வைத்திருந்த முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் அவள் அனுப்பிக் காட்டுகிற இடமும், தன்னைவிட அவள்தான் நீதியுள்ளவள் என்று யூதாவே ஒத்துக்கொள்கிற இடமும் வந்தது. முடித்து மூடினேன்.

அம்மா கேட்டாள்: "உங்க அத்தைக்கு அந்தப் பின்வாசல் மனையை எழுதிக் குடுக்கேன்னு உங்கப்பா சொன்னாவல்லா, அது என்னாச்சு?"

அப்பாவின் தங்கை. 1964-இல், இருபத்தாறு வயதில், பிள்ளையில்லாமல் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். பையன் படித்து வேலைக்குப் போகட்டும், பின்வாசல் மனையை உன் பேருக்கு எழுதி வைக்கிறேன் என்று அப்பா சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பதினோரு வயது. அந்தப் பையன் நான்தான். 1975-இல் வேலைக்குப் போய்விட்டேன். அப்பா 1991-இல் இறந்தார். இடையில் வீட்டில் சின்னச் சின்ன மனத்தாங்கல்கள். அத்தை ஒரு விடுதியில் ஆயாவாக வேலை பார்த்து, வயதானபின் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுப்போம், அதோடு சரி. பத்திரம் என் பீரோவில் இருந்தது. மனை விலை ஏறிக்கொண்டே இருந்தது. சேலா வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டான்.

உடனே எழுந்துபோய் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "பாக்கலாம்மா" என்றேன். வெளியூரில் இருக்கிற தம்பி முதலில் சம்மதிக்கவில்லை. அம்மா மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் அவள் முன்னால் உட்கார்ந்து அடுத்த அதிகாரத்தைத் திறக்க வேண்டியிருந்தது. யாத்திராகமத்தில் விதவையையும் அநாதையையும் ஒடுக்கக் கூடாது என்று வருகிற இடம் வந்தது. உபாகமத்தில் அதே பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. எனக்கென்று யாரோ கோடு போட்டு வைத்த மாதிரி இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன். எட்டு மாதம் கழித்துப் பத்திரம் பதிந்தோம். இரண்டரை சென்ட்.

பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அத்தை கண்ணீர் விடவில்லை, கையைப் பிடிக்கவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். "இப்பந்தான் நெனவு வந்துதாக்கும்" என்றார். காப்பிகூடத் தரவில்லை. அவர் கேட்டதில் தப்பில்லை.

இதனால்தான் வசன அட்டைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. தாமாரைப் பற்றி ஒரு அட்டையும் வராது. அட்டையில் அடிக்கடி வருவது எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம். நம்மைக் குறித்து தேவன் வைத்திருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை, தீமைக்கானவை அல்ல என்ற பொருளில் வருவது. நல்ல வசனம்தான். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்த ஊரின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். அட்டையில் வரும் வசனத்துக்கு நேர் முந்தின வசனத்தில்தான் எழுபது வருடக் கணக்கு இருக்கிறது. கடிதத்தை வாங்கி வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது.

இன்னும் ஒன்று. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஜனங்களுக்குச் சொன்னவன். அவன் சொன்னது பொய் என்று எரேமியா முகத்துக்கு நேரே சொல்கிறார். நாம் என்ன செய்கிறோம்? எரேமியாவின் கடிதத்திலிருந்து ஒரு வசனத்தை மட்டும் நறுக்கி எடுத்து, வருகிற டிசம்பருக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். எரேமியாவின் வாயில் அனனியாவின் பேச்சை வைத்துவிடுகிறோம். இரண்டு அதிகாரத்தையும் வரிசையாக வாசித்தவர் இந்தத் தவறைச் செய்யமாட்டார். அட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். இப்போது தினமும் காலையில் கைபேசியில் பூப்படத்தோடு வந்து விழுகிற வசனங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று மூன்று பாடம் வாசிக்கிறார்களே, போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட்டால் போதுமா என்று திருப்பிக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஞாயிறு பாடம் பொறுக்கி எடுத்தது. ஆராதனைக்கு அது தேவை, ஆனால் முப்பத்தெட்டாம் அதிகாரத்தை அங்கே எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

சரி, எப்படி வாசிப்பது? என் அபிப்பிராயம் இவ்வளவுதான். ஒரு நாளுக்கு ஒரு அதிகாரம். வரிசையாக. ஒன்றையும் தாண்டாமல். முடிந்தால் வாய்விட்டு. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு வேண்டாம், விட்ட இடத்திலிருந்து ஒன்று. இப்படிப் போனால் முழு வேதத்தையும் முடிக்க மூன்றேகால் வருடம் ஆகும். ஆகட்டும். நாலு மணிக்கு எழுந்து வாசித்தால்தான் கணக்கு என்பதும் இல்லை. என் தம்பி ராத்திரிப் பத்து மணிக்கு வாசிக்கிறான். 119-ஆம் சங்கீதம் மட்டும் 176 வசனம், அதை நாலைந்து நாளாகப் பிரித்துக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லமாட்டேன். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முதல் பாதியும் கதை போல ஓடிவிடும். லேவியராகமத்தில் பலி முறைகளும் குஷ்டரோகச் சட்டங்களும் வந்ததும் நின்றுவிடுவார்கள். பிப்ரவரி மாதத்தில் நின்றுபோன வேத வாசிப்புகளை எண்ணினால் எங்கள் சேகரத்தில் பாதிப் பேர் தேறுவார்கள். மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பிக்கலாம். 16 அதிகாரம்தான், இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூட.

பாஷை புரியவில்லை என்று பேத்தி சொல்கிறாள். அதில் நியாயம் இருக்கிறது. நம் கோயில்களில் வாசிப்பது 1871-இல் போவர் தலைமையில் திருத்தி வெளியிட்ட மொழிபெயர்ப்பு. எனக்கு அதன் ஓசை காதிலேயே இருக்கிறது, அதை விட முடியாது. இன்றைய பிள்ளைகளுக்கு அது பழந்தமிழ் மாதிரி. 1995-இல் வந்த திருவிவிலியத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். சிலர் முகம் சுளித்தார்கள். சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சடித்தது, அந்தக் காலத்து ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதானே? பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில், 1719-இல், முப்பத்தாறு வயதில் அவர் இறந்துபோனார். மீதியைப் பின்னால் வந்த சூல்ச் முடித்தார். இத்தனை பேர் இத்தனை பாடுபட்டது பாஷையைக் கும்பிடுவதற்காக இல்லை.

கண் தெரியாதவர்கள், எழுத்து தெரியாதவர்கள் கைபேசியில் ஒலிப்பதிவாகக் கேட்கிறார்கள். அது வாசிப்பில் சேராது என்று சொல்கிறவர்கள் உண்டு. எஸ்றா விடியற்காலை முதல் மத்தியானம் வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்க, ஜனங்கள் நின்றுகொண்டு கேட்டார்கள் என்று நெகேமியா 8-இல் இருக்கிறது. பவுலின் நிருபங்களும் சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டதுதான். கேட்பது பழைய வழி. நான் சொல்வது ஒன்றுதான்: பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து வாசிக்க முடிந்தால் அது இன்னும் நல்லது. மிஷின் எந்த அதிகாரத்தையும் தாண்டாது, சரிதான். ஆனால் அதற்குத் தொண்டை அடைக்காது, அதனிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது. உங்கள் வீட்டில் பார்வை மங்கிய பெரியவர் யாராவது இருந்தால் போய் உட்கார்ந்து வாசியுங்கள். ஒரு அதிகாரத்துக்குப் பத்து நிமிஷம் ஆகாது.

அம்மாவோடு பதினோரு மாதம் வாசித்தேன். இடையில் ஆஸ்பத்திரி நாட்கள் விட்டுப்போயின. கடைசி மாதங்களில் ராத்திரியிலும் ஒரு சங்கீதம் கேட்பாள். நானாக 23, 91, 121 என்று ஆறுதலானவற்றையே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி 88 வேண்டும் என்றாள். சங்கீதங்களில் முறையிட்டு அழுகிறவை நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதியோ நம்பிக்கையோ வந்துவிடும். 88-இல் அது வராது, இருட்டோடேயே முடிந்துவிடும். "இது எதுக்கும்மா இப்ப?" என்றேன். "நமக்கு முன்னாலயும் ஒருத்தன் இப்படிக் கெடந்திருக்காம்லா" என்றாள். வாசித்தேன். அன்று நன்றாகத் தூங்கினாள்.

எங்கள் வாசிப்பு இரண்டாம் சாமுவேல் 18-ஆம் அதிகாரத்தோடு நின்றது. அப்சலோம் செத்த செய்தி கேட்டு தாவீது மேல்வீட்டுக்கு ஏறிப்போய் அழுகிற அதிகாரம். அடக்க ஆராதனை முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாரும் போனபின், நான்காம் நாள் காலை அதே நிலைப்படியில் உட்கார்ந்து 19-ஐ வாசித்தேன். கேட்க ஆள் இல்லாமல் வாய்விட்டு வாசிப்பது முதலில் கூச்சமாக இருந்தது. அத்தை அந்த மனையில் ஒரு ஓட்டு வீடு போட்டு மூன்று வருடம் இருந்துவிட்டுப் போனார். அந்த மூன்று வருடமும் பின்வாசலில் இருந்து, "சத்தமா வாசி, கேக்கல" என்று அவ்வப்போது குரல் வரும்.

பழைய அட்டவணையைக் கிழித்துப்போட்டுவிட்டேன். அதன் பிறகு எத்தனை தடவை முழு வேதத்தையும் முடித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. இப்போது மறுபடி எண்ணாகமம். இன்று காலை ஏழாம் அதிகாரம். 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் ஆளுக்கொரு நாளாக ஒரே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள். ஒரே வெள்ளித் தாலம், ஒரே வெள்ளிக் கலம், ஒரே காளை, ஒரே ஆட்டுக்கடா. பன்னிரண்டு முறையும் எழுதியிருக்கிறது. உத்தியோக காலத்தில் ஒருத்தனை வாசித்துவிட்டு மற்ற பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே டிக் போட்டவன் நான். இன்று எல்லாரையும் வாசித்தேன். ஏழாம் நாள் பிரபுவுக்கு வந்தபோது அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி கேட்டாள்: "இன்னும் எத்தனை பேர் பாக்கி? தோசை ஆறுது."

ஐந்து பேர் என்றேன். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.